மச்சான் நீட்டிய மைதானம்

"என் மச்சான் ஒருநாள் காலையில ஒரு இரும்பு முளைக்குப் பக்கத்துல குத்தவெச்சு உட்கார்ந்தான். அவன் எழுந்திரிக்கும்போது பூமி ஆறேகால் மீட்டர் நீண்டுபோச்சு. அந்த ஆறேகால் மீட்டர்தான் நாலு பொண்ணுங்களுக்குத் தங்கம் வாங்கிக் குடுத்துச்சு."

பல்கலைக்கழக மைதானக்காரர் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூடச் சிரிக்காது. கேட்டவர்களில் பாதிப் பேர் மனுஷன் வெயிலில் அதிக வருடம் நின்றுவிட்டார் என்று பரிதாபப்பட்டார்கள். மீதிப் பேர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். போகப்போக வாயில்காவலர் நம்பினார், நூலகத்து அம்மா நம்பினார், துணைவேந்தரே நம்பினார். கடைசிவரை நம்பாமல் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவர் ஒரே ஒருவர்தான். அது அந்த மச்சான்.

மச்சான் லேசுப்பட்ட ஆள் இல்லை. மைதானக்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. பல்கலைக்கழகத்துக்கு நிதி அதிகாரி. வளாகம் முழுக்க அவருக்குக் கத்திரிக்கோல் என்று பெயர். மேலிடத்திலிருந்து வந்துகொண்டிருந்த பணம் பாதியாகக் குறைந்த வருடம் அது. கல்லில் நார் உரிக்க ஓர் ஆள் வேண்டும் என்று தேடினார்கள். இவர் நாரை உரித்து, கயிறாகத் திரித்து, அந்தக் கல்லையே கட்டித் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

முதலில் நீச்சல் குளத்துத் தண்ணீரை வெட்டினார். நீச்சல் அணி இரண்டு வாரம் காய்ந்த தரையில் கையை வீசிப் பார்த்துவிட்டுக் கலைந்துபோனது. அடுத்து டென்னிஸ் வலை. அப்புறம் ஈட்டி எறிகிற நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஈட்டி என்று உத்தரவு போட்டார். ஒருவர் எறிவார், மற்ற மூவரும் அதை எடுத்துவர முண்டியடித்து ஓடுவார்கள். கொஞ்ச நாளில் அந்த மூவருக்கும் ஈட்டி பிடிப்பதே மறந்துபோய்விட்டது. ஓட்டப் பயிற்சியாளரை வெட்டினார். மைதானத்து உதவியாட்கள் இரண்டு பேரையும் கோப்பு தூக்க அனுப்பினார். வெட்டி முடித்தபோது விளையாட்டுத் துறையில் மிஞ்சியவை மூன்றே மூன்று: ஓர் ஓடுபாதை, அதற்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிற மைதானக்காரர், அதில் ஓடுகிற பெண்கள் தொடர் ஓட்ட அணி.

அந்த அணியில் நாலு பேர். முதலில் ஓடுகிறவள் சுருட்டை. இரண்டாவது வாயாடி, ஓடும்போதும் பேசுவாள். மூன்றாவது ஊமைக்கோட்டான்; வருடத்துக்கு நாலு வார்த்தை, அதிலும் இரண்டை மிச்சம் பிடித்து வைப்பாள். கடைசியில் ஓடுகிறவள் அணித்தலைவி நெட்டை. ஒவ்வொருத்தியும் நானூறு மீட்டர் பாதையை ஒரு சுற்று ஓடி, கையிலிருக்கும் குச்சியை அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும்.

பருவம் தொடங்கியபோது இவர்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. மாத முடிவுக்குள் நம் மைதானத்தில் மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு நொடிக்குள் ஓடிக் காட்டினால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகலாம். ஓட முடியாவிட்டால் அணி கலைக்கப்படும். மைதானம் வாகனம் நிறுத்தும் இடமாக மாறும்.

"ஏன்டா தம்பி, அது என்ன அம்பத்திரண்டு?" என்று அந்த ஞாயிறு மதியச் சாப்பாட்டில் அக்கா கேட்டாள். மச்சானுக்கு ஞாயிறு சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில்தான்.

"போன வருஷம் மூணாவதா வந்தவங்க நேரம்க்கா. அதுகூட ஓட முடியலன்னா எதுக்குப் போகணும்?"

"என் மைதானத்துல காரை நிறுத்துறதுக்கு முன்னாடி என் மேல ஏத்திட்டுப் போகச் சொல்லு" என்றார் மைதானக்காரர்.

"அத்தான், கார்லாம் மெதுவாத்தான் வரும். நீங்க நகர்ந்துக்கலாம்."

அதே ஞாயிறு காலையில்தான் அந்த அளவெடுப்பும் நடந்திருந்தது. மழையில் பழைய கோடெல்லாம் அழிந்துபோய், பாதையைப் புதிதாக அளந்து வரைய வேண்டியிருந்தது. ஓடுபாதையின் இரண்டு முனையிலும் இருக்கும் வளைவு என்பது ஒரு பாதி வட்டம். வட்டத்தின் நடுவில் இரும்பு முளை அடித்து, அதில் ஒருவர் அளவு நாடாவின் நுனியைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் முப்பத்தாறரை மீட்டர் தள்ளி, நாடாவை விறைப்பாக இழுத்தபடி சுண்ணாம்பு போட்டுக்கொண்டே சுற்றி நடக்க வேண்டும். உதவியாட்கள் இல்லை, ஆகவே மைதானக்காரர் அவர்களை வெட்டிய கையையே பிடித்து இழுத்துவந்து முளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

நாடாவிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. புல் வெட்டுகிற இயந்திரம் ஒருநாள் அதன் முதல் மீட்டரைத் தின்றுவிட்டது. புது நாடா கேட்டு எழுதிய மனு, 'கைவசம் உள்ளதைக் கொண்டு அளக்கவும்' என்ற மச்சானின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதனால் நாடா ஒன்றிலிருந்து தொடங்கும். பத்து என்று காட்டினால் உண்மையில் ஒன்பது. மைதானக்காரருக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகிவிட்டது. முப்பத்தாறரை வேண்டுமென்றால் முப்பத்தேழரையில் பிடிப்பார். இரண்டு வளைவையும் அப்படியே வரைந்தார். எதிர்வெயில் கண்ணைக் குத்தியது. முளைப் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மச்சான் செக்குமாடு மாதிரி முளையைச் சுற்றிச் சுற்றி வந்ததும், முழங்காலைத் திட்டிக்கொண்டதும் காதில் விழுந்ததோடு சரி.

சாப்பிட வந்தபோது மச்சான் கையில் ஒரு மரக்கோல் இருந்தது. மூலையில் சாத்திவைத்தார், சாப்பிட்டார், மறந்துவிட்டுப் போய்விட்டார். அக்கா அதைப் பின்கட்டில் கட்டித் துணி உலர்த்த ஆரம்பித்தாள்.

பெண்கள் ஓடத் தொடங்கினார்கள். பயிற்சியாளர் இல்லாததால் நேரக் கடிகாரத்தை மைதானக்காரரே பிடித்தார். முதல் வாரம் மூன்று ஐம்பத்தொன்பது. இரண்டாவது வாரம் ஐம்பத்தேழு. பெண்கள் சூரியனை எழுப்பிவிட்டே ஓடினார்கள். அவர்கள் கால்பட்டுப் பாதையோரத்துப் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரத் தொடங்கியது. மூன்றாவது வாரம் ஐம்பத்தாறு. அதற்குமேல் கடிகாரம் இறங்குவேனா என்று முரண்டு பிடித்தது.

"ஐயா, வளைவுல என்னமோ முடியவே மாட்டேங்குது" என்றாள் நெட்டை, முட்டியில் கையை ஊன்றி மூச்சு வாங்கியபடி. "முடிஞ்சிருச்சுன்னு நினைப்பேன். இன்னும் கொஞ்சம் இருக்கும்."

"எனக்கும் அப்படித்தான் ஐயா" என்றாள் வாயாடி. "நான் பேச்சை முடிச்சாலும் வளைவு முடிய மாட்டேங்குது."

ஊமைக்கோட்டான் தலையை மட்டும் ஆட்டினாள்.

"வயசுப்பொண்ணுங்க பேசுற பேச்சா இது" என்று அதட்டி அனுப்பினார் மைதானக்காரர். அந்த வார்த்தையைப் பின்னால் நினைத்து நினைத்து அவர் தன் தலையில் குட்டிக்கொண்டது வேறு கதை.

கடைசித் தேர்வுக்கு மச்சானே கடிகாரத்தோடு வந்தார். பெண்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மூன்று நிமிடம், ஐம்பத்தைந்து நொடி. மச்சான் கடிகாரத்தை எல்லோருக்கும் காட்டினார். முகம் அவருக்கும் நன்றாக இல்லை. வெட்டுகிறவர்தானே தவிர கசாப்புக்காரர் இல்லை.

"மூணு நொடிதான் சார்" என்றாள் நெட்டை. அவளுக்கு இது கடைசி வருடம்.

"மூணு நொடிதாம்மா. ஆனா அது அதிகமா இருக்கே."

மறுநாள் பிற்பகலிலேயே வாகன நிறுத்தத்துக்குக் கல் பதிக்கிறவர் லாரியோடு வந்துவிட்டார். கையில் பளபளவென்று புது நாடா. மைதானக்காரர் தன் அறை வாசலில் உட்கார்ந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டவர்போல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கல்காரர் மைதானத்தின் குறுக்கே கோட்டுக்குக் கோடு அளந்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடி அளந்தார்.

"அண்ணே, வரைபடத்துல குறுக்கே எழுபத்திமூணு மீட்டர்னு போட்டிருக்கு. இங்க எழுபத்தஞ்சு இருக்கே. என் கல்லு பத்தாது. மைதானம் வளருமா என்ன?"

மைதானக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. நாற்காலி பார்த்திருக்கலாம், அது குப்புற விழுந்து கிடந்தது. முப்பத்தாறரையும் முப்பத்தாறரையும் எழுபத்திமூன்று. எழுபத்தைந்து என்றால் பக்கத்துக்கு ஒரு மீட்டர் கூடியிருக்கிறது. அறுந்துபோன முதல் மீட்டருக்காக அவர் தன் முனையில் ஒன்றைக் கூட்டினார். முளையில் உட்கார்ந்தவர் வேறு யாராக இருந்தாலும் பேசாமல் நுனியைப் பிடித்திருப்பார். உட்கார்ந்ததோ நிதி அதிகாரி. அவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, அறுந்துபோன அதே மீட்டரைத் தன் முனையில் இன்னொரு தடவை கூட்டியிருந்தால்?

குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டார். வட்டத்துக்கு ஆறேகால் மீட்டர் அதிகம். நாலு பேருக்கு இருபத்தைந்து மீட்டர். இருபத்தைந்து மீட்டர் ஓட அந்தப் பெண்களுக்கு மூன்றரை நொடிக்கு மேல் ஆகும். ஐம்பத்தைந்தில் மூன்றரை போனால் ஐம்பத்தொன்றரை.

ஐம்பத்தெட்டு வயதில் நிர்வாகக் கட்டடத்தின் மூன்று மாடியையும் அவர் ஏறிய வேகத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்திருந்தால் அவரையே அணியில் சேர்த்திருப்பார்கள்.

"மச்சான், அன்னைக்கு நீ நாடாவை எங்க பிடிச்சே?"

"முளையிலதான். வேற எங்க பிடிப்பாங்க?"

"முதல் மீட்டர் இல்லைங்கறதுக்காக ஒண்ணு தள்ளிப் பிடிச்சியா?"

"நல்லா இருக்கே கதை. அத்தான், இருபத்தேழு வருஷமா ஒரு புள்ளி தப்பாம வேலை பாக்குறவன் நான். ஒரு மீட்டரைத் தவறவிடுவேனா?"

"தவறவிடலடா. கூட்டிட்டே. நானும் கூட்டினேன். ரெண்டு புத்திசாலி சேர்ந்து ஒரே ஓட்டையை ரெண்டு தடவை அடைச்சிருக்கோம்."

"அந்தக் கல்காரன் நாடா தப்பா இருக்கும்."

"புது நாடாடா."

"புதுசுன்னா சரியா இருக்கணுமா? நீங்க அக்காவைக் கட்டிட்டு வந்தப்ப புது மாப்பிள்ளை. அப்ப சரியாவா இருந்தீங்க?"

போட்டிக்குப் பெயர் பதிய அன்றைக்கு மாலை ஐந்து மணி கடைசி. சுவரில் கடிகாரம் நாலு இருபது காட்டியது. மைதானக்காரர் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார்: கைப்பேசியில் மனைவியை அழைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டி, மேசைமேல் வைத்தார். பல்கலைக்கழகத்தில் யாருக்கும் பயப்படாத மச்சான், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டேய் தம்பி."

"சொல்லுக்கா."

"நீ பிடிச்சது சரியா, அவர் பிடிச்சது சரியான்னு எனக்குத் தெரியாது. ஆனா போட்டி நடக்கப்போற மைதானத்தை உங்க ரெண்டு பேர்ல யாரும் அளக்கல இல்ல?"

"இல்லக்கா."

"அது போதும். பொண்ணுங்க அங்க ஓடட்டும். கையெழுத்துப் போடு."

மச்சான் பேனாவைத் திறந்தார். திறந்தவர் சும்மா போடவில்லை. "ஒரு நிபந்தனை. அங்கேயும் அம்பத்திரண்டுக்குள்ள வரலன்னா, கார் நிறுத்துற கோட்டை நீங்களே உங்க கையால போடணும் அத்தான்."

"போடுறேன். வந்துட்டா?"

"வந்துட்டா மறுபடி பாதை வரையும்போது முளையில நான் உட்காருறேன். ஆனா இப்பப் போட்டிக்குப் போக பஸ் மட்டும் கிடையாது. விதி விதிதான்."

நாலு ஐம்பத்தெட்டுக்குப் பெயர் பதிவானது.

சனிக்கிழமை அவர்களை ஏற்றிக்கொண்டு போனது கல்காரரின் லாரி. திரும்பி வரும்போது கல் ஏற்ற வேண்டும், போகும்போது காலியாகத்தான் போகிறேன் என்றார் அவர். பின்னால் சாக்கை விரித்துப் பெண்கள் நாலு பேர். முன்னால் கல்காரருக்கும் மைதானக்காரருக்கும் நடுவில் இறுகிக்கொண்டு மச்சான். வேறு யார் கடிகாரத்தையும் நம்பமாட்டேன் என்று தன் கடிகாரத்தோடு கூடவே வந்தார். குழி வந்தபோதெல்லாம் மூவரும் கூரையில் தலையை முட்டிக்கொண்டார்கள். பின்னாலிருந்து வாயாடியின் குரல் வழி முழுக்கக் கேட்டது.

அந்த ஊர் மைதானம் ரப்பர் போட்ட செக்கச்சிவந்த பாதை. எட்டு அணிகள். மற்ற ஏழு அணிக்கும் பயிற்சியாளர் இருந்தார், மருத்துவர் இருந்தார், ஒரு அணிக்குக் குடை பிடிக்கக்கூட ஆள் இருந்தது. நம்மவர்களுக்கு இருந்ததெல்லாம் ஒரு மைதானக்காரர், ஒரு கத்திரிக்கோல், ஒரு லாரிக்காரர்.

துப்பாக்கி வெடித்தது.

சுருட்டை ஐந்தாவதாகத்தான் வளைவில் நுழைந்தாள். ஆனால் இரண்டாவது வளைவின் முடிவில், வழக்கமாக அவள் கால் தள்ளாடத் தொடங்கும் இடத்தில், வளைவு சட்டென்று முடிந்துபோனது. அவளே எதிர்பார்க்கவில்லை. செலவழிக்காமல் சேர்த்துவைத்த மூச்சு நெஞ்சில் அப்படியே மிச்சம் இருந்தது. அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஓடியே தீர்த்தாள். வாயாடி கையில் குச்சியைக் கொடுத்தபோது நாலாவது இடம்.

வாயாடி முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு ஓடினாள். பேச்சுக்குப் போகும் பலமெல்லாம் காலுக்கு வந்தது. அவள் மூன்றாவதாக வந்து சேர்ந்தாள்.

ஊமைக்கோட்டான் குச்சியை வாங்கி, முன்னால் போனவளின் தோளுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாள். வளைவு முடிந்ததும் மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்: "முடிஞ்சிருச்சு."

வருடக் கணக்கில் சேர்த்துவைத்திருந்த ஒரு வார்த்தையை அங்கே செலவழித்தாள். பக்கத்தில் ஓடியவள் திடுக்கிட்டு ஓர் அடி தவறவிட்டாள். இரண்டாவது இடம்.

குச்சி நெட்டையின் கைக்கு வந்தது. முன்னால் போகிறவள் பத்து மீட்டர் தள்ளி இருந்தாள். மைதானக்காரர் கம்பி வேலியைப் பிடித்திருந்தார். பிடித்த பிடியில் வேலி முருங்கைக்காய்போல வளைந்ததாகச் சொல்வார். மச்சான் கடிகாரத்தையும் பார்த்து, பாதையையும் பார்த்து, இரண்டும் போதாமல் லாரிக்காரரின் கையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தார். முதல் வளைவில் எட்டு மீட்டர். நேர்ப்பாதையில் ஆறு. கடைசி வளைவில் இடைவெளி குறையவே இல்லை. மைதானக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணுக்குள்ளும் நெட்டை ஓடிக்கொண்டிருந்தாள். திறந்தபோது வளைவு முடிந்திருந்தது. நீண்ட கால் இரண்டும் இன்னும் ஆறேகால் மீட்டர் பாக்கி இருப்பதாக நம்பி எட்டிப் போட்டுக்கொண்டிருந்தன. கோட்டுக்கு எண்பது மீட்டர் இருக்கையில் நாலு. ஐம்பதில் இரண்டு. இருபதில் தோளும் தோளும். கோட்டை நெஞ்சால் அறுத்துக்கொண்டு தாண்டியவள், நின்றால்தானே. நேராக ஓடிவந்து வேலிக்கு மேலே மைதானக்காரரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மச்சான் கடிகாரத்தைப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். உலுக்கினார். மூன்று நிமிடம், ஐம்பது புள்ளி ஒன்பது நொடி. முதல் இடம்.

"அத்தான்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்துக்கொண்டே சொன்னார்: "காத்து பின்னாலேர்ந்து அடிச்சுது, கவனிச்சீங்களா?"

"வட்டப் பாதையில எப்படிடா எல்லாப் பக்கமும் பின்னாலேர்ந்து அடிக்கும்?"

"சுத்திச் சுத்தி அடிச்சிருக்கும்."

திங்கட்கிழமை வாகன நிறுத்தம் கிடங்குக்குப் பின்னால் போனது; அணி நின்றது; மைதானம் மைதானமாகவே இருந்தது. மச்சான் மட்டும் அசையவில்லை. அளந்து பார்த்துவிடலாம் என்றால், போட்டியன்று இங்கே பெய்த மழையில் கோடெல்லாம் கரைந்து ஓடிப்போயிருந்தது. அதனால் அவருக்கு வசதியாகப் போய்விட்டது. ஒருநாள் காற்று என்றார். ஒருநாள் ரப்பர் பாதை என்றார். ஒருநாள், லாரி குலுக்கிய குலுக்கலில் பெண்களின் கால் நரம்பெல்லாம் இளகிக்கொடுத்தது என்று மருத்துவக் காரணம் சொன்னார். மைதானக்காரர் வளாகத்தின் ஒவ்வொரு மூலையிலும் பூமி நீண்ட கதையைச் சொல்லிக்கொண்டே போனார். மச்சான் பின்னாலேயே போய் மறுத்துக்கொண்டே போனார்.

மூன்றாவது ஞாயிறு, பாதையை மறுபடி வரையும் நாள் வந்தது. பேச்சு பேச்சுதான்; மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். வேடிக்கை பார்க்க நாலு பெண்களும், கல்காரரும், சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அக்காவும் வந்திருந்தார்கள். மைதானக்காரர் கல்காரரின் புது நாடாவைக் கடன் வாங்கி வைத்திருந்தார். ஆனால் அதை வெளியே எடுக்கவில்லை. அறுந்த பழைய நாடாவைத்தான் மச்சான் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

மச்சான் முளைக்குப் பக்கத்தில் குத்தவைத்தார். நாடாவின் நுனியைப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், தரையைத் தடவினார்.

"அக்கா, அந்தக் கோல் எங்க?"

"எந்தக் கோல்டா?"

"அன்னைக்குக் கிடங்குலேர்ந்து எடுத்துட்டு வந்தேனே, மீட்டர் கோல். உன் வீட்டுலதானே வெச்சேன்?"

"அதுலதான்டா நான் துணி காயப்போடுறேன். அது எதுக்கு இப்ப?"

"எதுக்கா? கோல் இல்லாம எப்படிப் பிடிக்கிறது? முளையிலேர்ந்து ஒரு மீட்டர் கோலை வெச்சு, அதோட நுனியிலல்ல நாடாவைப் பிடிக்கணும்? முதல் மீட்டர்தான் அறுந்து…"

வாய் திறந்தபடி நின்றது. முப்பத்தாறரை மீட்டர் தள்ளி மைதானக்காரர் நாடாவை விறைப்பாகப் பிடித்தபடி, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயாடிகூடப் பேசவில்லை. ஊமைக்கோட்டான் மட்டும் மெதுவாகக் கேட்டாள்:

"சார்தானா?"

மச்சான் எழுந்தார். இரண்டு முழங்காலும் சாட்சி சொல்வதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொடுக்கின. வளைவை ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பார்த்தார்; நாலு பெண்களையும் பார்த்தார்; கடைசியில் அத்தானைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார். "ஆறேகால் மீட்டர். நான்தான் நீட்டினேன்."